ஐம்பது நிமிடம்

கடல் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வரும்.
இன்று ஆறு மணிக்கு வற்றினால் நாளை ஆறு ஐம்பது.
அதற்கப்புறம் படகுத்துறைச் சுவரில்
ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இயந்திரம் பிந்துவதில்லை.
திங்கள், புதன், வெள்ளி.
ஏழரை மணி. நான்காம் நாற்காலி.

அதற்காக நாலரைக்கு எழுகிறேன்.
வறண்ட வாயில் ஒரு பனிக்கட்டியை ஒதுக்கிக்கொண்டு
ஆச்சாவோவில் பேருந்து ஏறி
பேருந்தோடு சேர்ந்தே படகில் ஏறுகிறேன்.
அக்கரையில் இறங்கும்போதும் இருட்டுதான்.
குளிர்காலத்தில்
ஊசி குத்தி ஒரு மணி நேரம் ஆனபின்தான்
காஸ்த்ரோவில் விடியும்.

அங்கே யாரும் மணி கேட்பதில்லை.
எவ்வளவு எடுக்கணும், எதெல்மிரா, என்பார்கள்.
புதன் என்றால் இரண்டு லிட்டர்.
திங்கள் என்றால் மூன்று, சிலசமயம் மூன்றரை.
ஞாயிறு எனக்கு ஒரு கிழமை அல்ல,
கணுக்காலில் ஏறும் தண்ணீர்.
கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும்.
பாதிரியார் பிரசங்கம் செய்கையில்
குனிந்து அழுத்திவிட்டு எண்ணுவேன்,
குழி நிரம்பும்வரை.
போன மாதம் பதினொன்று. இப்போது பதினேழு.

இடக்கையில்
ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு தைத்திருக்கிறார்கள்.
இரவும் பகலும் அது இரைகிறது.
காதை வைத்தால், தூரத்தில்
யாரோ மீன்பிடிக்கப் போகும் விசைப்படகு.
இந்தக் கையில் கடிகாரம் கூடாது என்றாள் நர்ஸ்.
சரி என்றேன்.
வலக்கையிலும் கட்டுவதை விட்டுவிட்டேன்.

மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் உண்டு.
ஒருமுறை நள்ளிரவில் போன் வந்தது:
இரண்டாவது ஆளாக வந்து இருங்கள்.
ஜலசந்தி தாண்டிப் போய்
பச்சை அங்கியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
முதல் ஆளுக்கே பொருந்திவிட்டதாம்.
திரும்பும் படகில்
ஒரு முழுக் கோப்பை தேநீர் குடித்தேன்,
யாரையும் கேட்காமல்.

ஐந்தாம் நாற்காலி பவுதிலியோவுடையது.
சால்மன் பண்ணையில் வலைக்கடியில் முக்குளித்தவர்.
இயந்திரத்தில் பூட்டியதும் தூங்கிவிடுவார்.
"இந்த நாலு மணி நேரம் என் வயசில் சேராது,
மேலே பேசி வைத்திருக்கிறேன்" என்பார்.
ஒரு வெள்ளிக்கிழமை தொப்பியை மாட்டிக்கொண்டு
"திங்கள் பார்க்கலாம்" என்றார்.

திங்கள் அங்கே
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்,
மடியில் கணக்குப் புத்தகம்.
நீங்கள் எத்தனை நாளாக வருகிறீர்கள் என்று கேட்டாள்.

அன்று காலைதான் படகில் கணக்குப் போட்டிருந்தேன்:
ஆறு வருஷம், வாரம் மூன்று, தடவைக்கு நாலு மணி.
எல்லாவற்றையும் கோத்தால்
நூற்றைம்பத்தாறு இரவும் பகலும்.
நூற்றைம்பத்தாறு நாள் என்றேன்.

ஐந்து மாதமா, என்றாள்,
முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.
நான் திருத்தவில்லை.
அவள் புத்தகத்தைத் திறந்தாள்.

இந்தச் செவ்வாய் அமாவாசை.
கடல் பாதி வளைகுடாவை விட்டுவிட்டுப் போயிருந்தது.
தங்கை மகள் யாஸ்னாவோடு
கொத்துக்கம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
இடக்கையில் சுமை கூடாது,
வலக்கையால் மட்டும் மணலைக் கிளறினேன்.
அரை வாளி மட்டி.
கடல் திரும்பி வந்து கணுக்காலைத் தொட்டபோது
வெளியே இருக்கும் தண்ணீர்தானே என்று
அப்படியே கொஞ்சம் நின்றேன்.
யாஸ்னா கத்தினாள், வா, வா, நனைஞ்சிடுவே.

இரவு மூன்று மட்டி தின்றேன்.
மூன்றுதான் கணக்கு.

மறுநாள் எட்டு ஐம்பதுக்கு
கடல் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.
ஊர் முழுக்க மணலில் இருந்திருக்கும்.
நான் நாற்காலியில்,
பக்கத்தில் அந்தப் பெண் தலைகீழ்ப் பின்னத்தோடு.

அடுத்த பெருவற்றம் பதினைந்து நாள் கழித்து.
துறைச் சுவரில் பார்த்தேன்.
புதன்.
படகு ஊதுகிறது,
ஈரம் பட்டு அந்தத் தாளின் ஓரம்
சுருளத் தொடங்கியிருக்கிறது.